பாரத்துக்கு இரண்டு பேர்

“அசையாம உட்காருங்க. அந்தக் காலத்துக் காரு, அடிச்சட்டம் நடுவுல தொங்கிப் போச்சு. பின் சீட்டுல பாரம் இருந்தாத்தான் ஜாக்கி வச்சு நேரா நிமிர்த்த முடியும்,” என்றாள் மெக்கானிக்கான மகள், அப்பா அம்மாவிடம்.

மனைவியோடு அவர் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதமாகிறது. ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.

அரை மணி நேரம் கழித்து, “உங்கண்ணனை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான்,” என்றார்.

“இதைச் சொல்ல என்னைக் காருக்குள்ள அடைக்கணுமாக்கும்!” அவள் சிரித்துவிட்டாள்.

தண்ணீர் குடிக்க இறங்கியவர், காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஜாக்கியே இல்லை. ஏற்கெனவே நிமிர்த்திய சட்டத்தில் பூசிய பெயின்ட்கூடக் காய்ந்திருந்தது. மகளோ வேறொரு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

சத்தமில்லாமல் ஏறி, மனைவி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“முடிஞ்சுதாமா?” என்று கேட்டாள் அவள்.

“எங்க! சாயங்காலம் வரைக்கும் ஆகுமாம்.”