வாடாத வாசல்

“எப்ப ஊத்துறான்னுதான் பிடிபடல மேடம். ஆனா ஊத்துறான்” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அவர் கை காட்டிய தையல்காரர் வாசலை நகராட்சி இன்ஜினியர் பார்த்தாள். போன வருடம் அந்தத் தெருவின் நீளத்துக்குச் சாக்கடைக் குழாய் பதித்து, மண் மூடி, அதன்மேல் கல்வாழை நட்டது அவள்தான்.

வறட்சி வந்ததும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தடை போட்டார்கள். மீறுகிற வீட்டுக்கு லாரித் தண்ணீர் நிறுத்தப்படும்.

தெரு முழுக்கக் கல்வாழை கருகிக் கிடந்தது. தையல்காரர் வாசலில் மட்டும் இடுப்புயரத்துக்கு நின்றது.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார். “ஒரு சொட்டு ஊத்தல மேடம். லாரித் தண்ணி வந்த வேகத்துல தீந்துடுது. அப்புறம் குடிக்கவே இந்தக் கிணறுதான். செடிக்கு நான் எங்க போவேன்?”

கிணறு கல்வாழைக்குப் பின்னாலேயே, சுவரை ஒட்டி இருந்தது.

“கைராசிக்காரர்! பாத்தாலே வளருது” என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். “என் செடி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சாம்?”

“அண்ணே, வாயக் கொஞ்சம் மூடுங்க. வீட்ல பிள்ள படுத்துக் கெடக்கு.”

“பிள்ளையக் காட்டித் தப்பிக்கப் பாக்காத.”

தையல்காரர் அவரை விட்டுவிட்டு இன்ஜினியர் பக்கம் திரும்பினார். “ஒரு வாரமா வாந்தி, பேதி மேடம். தண்ணி நிறையக் குடுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். லாரிய மட்டும் நிறுத்திடாதீங்க. அவ மேல சத்தியமா நான் ஊத்தல.”

“சத்தியத்துக்கு என்ன செலவா ஆகுது? நீங்க எழுதுங்க மேடம்.”

அவள் பேனாவை எடுத்தாள். எழுதாமல் அதைச் சட்டைப் பையில் திரும்பச் செருகினாள். குனிந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கினாள்.

மேல்மண் புழுதியாக உதிர்ந்தது. வேரில் இருந்து கறுப்பாக ஈரம் சொட்டியது.

“பாத்தீங்களா! கையும் களவுமா மாட்டிக்கிட்டான்” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அவள் வேரை முகர்ந்து பார்த்தாள். தெருவின் நீளத்தை ஒரு முறை பார்த்தாள்.

“இவர் ஊத்தல” என்றாள். “ஊத்தியிருந்தா மேலதான் நனஞ்சிருக்கும்.”

தையல்காரர் கும்பிட்டார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரரின் மனைவி வாளியில் மொண்ட தம்ளரோடு மகளின் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

இன்ஜினியர் செருப்போடு உள்ளே ஓடினாள்.

“அக்கா, அந்தக் கிணத்துத் தண்ணியக் குடுக்காதீங்க!”