பச்சை ரயிலுக்கு ஒரு தேசிக்காய்

கனடாவின் ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்ற் மேசையில் இரண்டு பெட்டிப் பச்சை ரயில் புறப்படக் காத்திருக்கிறது. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் கட்டிய ஆரம்பகால டீசல் பயணிகள் ரயிலின் சின்ன வடிவம். துண்டு துண்டாக ஓடர் பண்ணி எடுத்து, குளிர்காலம் முழுக்கக் குந்தியிருந்து கமலேந்திரன் பூட்டியது. இது ஓடினால்தான் அடுத்ததற்கு ஓடர் என்பது மனைவி வதனியின் சட்டம். சன்னல் வழியே விழும் பனிவெளிச்சத்தில் ரயிலின் முன்கண்ணாடி மினுங்குகிறது. கமலேந்திரனின் கை சுவிச்சுக்குப் போகிறது. “பொறுங்கோப்பா,” என்றபடி வதனி படியிறங்கி வருகிறாள், கையில் தேசிக்காயும் கத்தியும். “புதுக் கார் எடுக்கேக்கை கோயிலிலை சில்லுக்குக் கீழை வைச்சு நசிச்சனாங்கள்தானே?” “உமக்கென்ன விசரே? உதிலை ஏறினா ரயில் கவிண்டு போகும்.” அவள் அசரவில்லை. அந்த எலுமிச்சையை வெட்டி, சுளைக்குள்ளிருந்து அரிசியளவு சாற்று முத்துகள் இரண்டை ஊசியால் கிளப்பி, தண்டவாளத்தில் பக்கத்துக்கு ஒன்றாக வைக்கிறாள். கமலேந்திரன் சுவிச்சைத் தட்டுகிறார். ரயில் மெல்ல முனகி நகர்ந்து, முத்துகளை நசித்து, ஒருகணம் தயங்கி, பிறகு வளைவில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பெயின்ற் மணத்துக்குள் தேசிக்காய் வாசம் எழுகிறது. அவர் தன்னையறியாமல் கைகூப்பிவிடுகிறார். வதனி கையில் மிஞ்சிய பாதியைப் பார்க்கிறாள். “இது காயிறதுக்கிடையிலை மற்ற ரயிலையும் ஓடர் பண்ணுங்கோ.”