துரை இறங்கிவிட்டார்

கில்பியின் இடது கை மறுபடியும் கியரைத் தேடிப் போய்க் கதவில் இடித்தது.

“மன்னிக்கணும் தம்பி. எங்க ஊர் வண்டியில கியர் இந்தப் பக்கம் இருக்கும்.”

“கதவுக்கிட்ட உனக்கென்ன வேலை?” பின்சீட்டிலிருந்த டிராவிஸ் துப்பாக்கி முனையை அவர் பிடரியில் அழுத்தினான். “ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும், துரை.”

சற்று முன்புதான் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரக் கடைவீதியில் ஒரு நகைக்கடைக் காவலாளியைச் சுட்டுவிட்டு ஓடிவந்திருந்தான் அவன். பெட்ரோல் பங்க் வாசலில் இந்த வெள்ளை மீசை இங்கிலாந்துக்காரர் கண்ணில் பட்டார். வாடகைக் கார், தனி ஆள், டிக்கியில் சுற்றுலாப் பெட்டி. வேறென்ன வேண்டும்?

“ஆத்துப் பாலத்தைத் தாண்டு. அந்தப் பக்கம் ஆர்கன்சா, வேற மாநிலம். அங்க உன்னை இறக்கி விட்டுடறேன்.”

கில்பி கண்ணாடியில் பார்த்தார். முகமூடி இல்லாத முகம். இதைப் பார்த்த ஒருவரை இவன் உயிரோடு இறக்கிவிடப் போவதில்லை. பாலத்துக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் பருத்திக் காடுதான்.

“எந்தெந்த ஊர் சுத்தின?” டிராவிஸுக்குப் பதற்றத்தில் பேச்சு தேவைப்பட்டது.

“சிகாகோவுல ஒரே காத்து. செயின்ட் லூயிஸ்ல ஒரே வெயில். எங்கயும் ஒழுங்கா ஒரு டீ கிடைக்கல, தம்பி. ஐஸைப் போட்டுக் கொண்டுவந்து வைக்கறாங்க.”

“உசுரு போற நேரத்துல டீ கேக்குதா துரைக்கு?” சொல்லிவிட்டுத் தானே சிரித்தான்.

முன்னால் சிவப்பு விளக்கு. கில்பி ஒரு கணம் நிறுத்தி, இடப்பக்கம் வண்டி வரவில்லை என்று பார்த்து, விளக்கு மாறும் முன்பே வலப்பக்கம் திரும்பினார். அப்படித் திரும்பலாம் என்பது இங்கே வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த தெருவில் கார் மெல்ல மெல்ல இடது ஓரத்துக்கு நழுவியது. எதிரே வந்த லாரி அலறியது.

“வலது பக்கம்! வலது பக்கம் ஓட்டுய்யா! இது உங்க ஊர் இல்ல!”

“அடடா, மன்னிக்கணும்...”

பின்னால் சைரன் கேட்டது. நீலமும் சிவப்புமாய் விளக்குகள் சுழன்றன.

டிராவிஸ் துப்பாக்கியைச் சட்டையால் மூடி, முனையை முன்சீட்டின் முதுகில் வைத்தான். “நல்லாக் கேட்டுக்க. ஓரங்கட்டு. கண்ணாடியை இறக்கு. மன்னிப்புக் கேளு, அதான் உனக்குக் கைவந்த கலையாச்சே. நான் உன்னோட கைடு. வேற ஒரு வார்த்தை வாயில வந்துச்சு, சீட்டு வழியாவே குண்டு பாயும்.”

கில்பி தலையாட்டினார். ஓரங்கட்டினார். எஞ்ஜினை அணைத்தார்.

பிறகு கதவைத் திறந்து, இறங்கிவிட்டார்.

“ஏய்... ஏய்! உள்ள வாய்யா!” டிராவிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். இப்போது சுட முடியாது. போலீஸ் கார் முட்டிக்கொள்ளும் தூரத்தில் நின்றிருந்தது.

கில்பி கோட்டைச் சரிசெய்துகொண்டு, ஏதோ பழைய சிநேகிதரைப் பார்க்கப் போகிறவர் போல அந்தக் காரை நோக்கி நடந்தார். கை கோட்டுப் பைக்குப் போனது.

“நில்லு! கையை எடு! வண்டிக்குள்ள போ!” பெண் போலீஸ் கதவுக்குப் பின்னால் பதுங்கித் துப்பாக்கியை நீட்டினாள்.

“மன்னிக்கணும் மேடம். எங்க ஊர்ல போலீஸ் நிறுத்தினா இறங்கி வந்து பேசறதுதான் மரியாதை. லைசென்ஸ் இதோ, பையில...”

“கையைத் தூக்கு! சுட்டுடுவேன்!”

டிராவிஸ் பின்கண்ணாடி வழியே பார்த்தான். அவள் விரல் விசையில் இருந்தது. கிழவர் இன்னொரு முறை பையைத் தொட்டால் தீர்ந்தது கதை. முன்சீட்டுக்குத் தாவிவிடலாமா? சாவியைக் காணோம்!

கில்பியின் கைகள் மேலே போயின. சாவி ஒரு விரலில் ஆடியது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

“மண்டி போடு!”

கொதிக்கிற தார் ரோட்டில் மண்டியிட்டார். அவள் வயர்லெஸ்ஸில் கத்தினாள்: “டிரைவர் சொன்ன பேச்சைக் கேக்கல. உள்ள இன்னொருத்தன் இருக்கான். சீக்கிரம் ஆள் அனுப்புங்க!”

இறங்கக் கூடாத ஊரில் இறங்கினால் வேறென்ன நடக்கும்? நாலாபுறமும் போலீஸ் கார்கள் சீறிக்கொண்டு வந்து நின்றன. கதவுக்குக் கதவு துப்பாக்கி.

“பின்சீட்டுல இருக்கறவன்! ரெண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டு!” ஒலிபெருக்கி இரைந்தது.

டிராவிஸ் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். துப்பாக்கியைக் காலடியில் நழுவவிட்டான்.

விலங்கு மாட்டி அவனை இழுத்து வந்தபோது, கில்பி நடைபாதையில் உட்கார்ந்து யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் டிராவிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அறிவிருக்காய்யா உனக்கு? உள்ளயே உக்காந்திருந்தா ஒரு அபராதச் சீட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு அவ பாட்டுக்குப் போயிருப்பா! இந்த நாட்டுல போலீஸ் நிறுத்தினா வண்டியை விட்டு இறங்கவே கூடாதுன்னு ஒருத்தன்கூடவா உனக்குச் சொல்லல?”

கில்பி ஈர மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“சொன்னாங்க தம்பி. போன தடவை வந்தப்பவே சொன்னாங்க.”