வெயில் காய்ந்த எலி

ஒரு வரப்பில் வளை தோண்டி வாழ்ந்துவந்தது ஒரு வயல் எலி. வளை வாசலில் தேங்கிய தண்ணீரில், ஒரே ஒரு செல்லால் ஆன பச்சைப் பாசி ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

"எனக்கு நெல் வைக்க ஓர் அறை, தூங்க ஓர் அறை இருக்கு. உனக்கு ஒரு வாய்கூட இல்லையே!" என்று எலி கேலி செய்தது.

"வாய் எதுக்கு அண்ணே? வெயில் பட்டாலே எனக்குச் சாப்பாடு ஆச்சு" என்றது பாசி.

எலிக்கு அது உறுத்தியது. பல் தேயத் தோண்டுவதையும் நெல்லுக்கு அலைவதையும் நினைத்துப் பெருமூச்சு விட்டது. மறுநாள் எங்கும் போகாமல் வரப்பின்மேல் மல்லாந்து படுத்து, வெயிலுக்கு வயிற்றைக் காட்டியது.

"நிறைஞ்சுதா அண்ணே?"

"சூடாகியிருக்கு. இனிமேதான் வேகும்போல."

உச்சிவேளையில் எலிக்குக் கண் சொருகியது. பாசியின் மேல் விழுந்த வெளிச்சம் சட்டென்று மறைந்தது.

"அண்ணே, நிழல்! மேலே ஏதோ வருது, ஓடுங்க!"

எலி வளைக்குள் பாய்ந்தது. பருந்தின் நகத்தில் வால் மயிர் கொஞ்சம் மட்டும் சிக்கியது.

படபடப்பு அடங்கியதும் எலி மெல்ல எட்டிப் பார்த்தது. "என் உயிரைக் காப்பாத்தினியே! உன்னைவிட உசத்தி யாரும் இல்லை."

பதில் இரண்டு குரலில் வந்தது. அதற்குள் பாசி இரண்டாகப் பிரிந்திருந்தது.

"கத்தினது நான்தான் அண்ணே" என்றது ஒன்று.

"பொய்! நான்தான். எங்க ரெண்டு பேரில் யார் அதிகப் பச்சைன்னு நீங்களே சொல்லுங்க" என்றது மற்றொன்று.

எலி நெல் தேடக் கிளம்பியது.