உடும்பின் முதுகில் ஒரு கோடு

செல்லம்மாளுக்கு வாஹித் பாஷாவைக் கண்டாலே ஆகாது.

பின்னே? சீமைத் துரைசானிகளுக்கு உடும்புத் தோல் கைப்பை மேல் மோகம் பிடித்த காலம் அது. பாலாற்றங்கரையில் புதருக்குப் புதர் கண்ணி. அதில் அடிபட்டுக் கிடக்கும் உடும்புகளைத் தூக்கி வந்து, ஆதிகேசவனின் மாந்தோப்பில் வைத்து, மஞ்சள் பற்றுப் போட்டு, முட்டை ஊட்டிப் பிழைக்க வைப்பதற்கென்றே ஆம்பூரில் நாலைந்து பேர் இருந்தார்கள். சம்பளமா, சாப்பாடா, ஒன்றும் கிடையாது. அதில் செல்லம்மாளும் ஒருத்தி.

அந்தக் கூட்டத்தில் பாஷாவுக்கு என்ன வேலை? தோல் மண்டியில் உட்கார்ந்து, இது உசத்தி, இது கழிசல் என்று தோலைத் தரம் பிரிக்கிறவர் அவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தோப்புக்கு வந்து கூண்டு கழுவுவார், தண்ணீர் வைப்பார். எல்லாம் வேஷம் என்று செல்லம்மாள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். ஆதிகேசவன் சிரித்ததோடு சரி.

அன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

காயம் ஆறிய உடும்பை மலையடியில் விடுகிற நாளில் அவள் தோப்புப் பக்கமே வரமாட்டாள். அழுகை வந்துவிடும். ஆனால் ராசாத்தி என்று அவள் பேர் வைத்த இந்த உடும்பு மூன்று மாதம் அவள் கையால் முட்டை குடித்தது. மனசு கேட்காமல் கடைசியாய் ஒரு முட்டையோடு வந்தால், பாஷா அதை மடியில் அமுக்கிப் பிடித்து, முதுகில் காய்ச்சிய கம்பியால் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறார்!

செல்லம்மாள் பாய்ந்து உடும்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீயெல்லாம் மனுஷனா பாய்? வாயில்லா ஜீவனுக்குச் சூடு வைக்கிறியே, உன் கை விளங்குமா?"

பாஷா கம்பியைத் தண்ணீரில் போட்டார்.

"போன வருஷம் நீ வளர்த்து விட்டியே, அரை வால் உடும்பு. ரெண்டே மாசத்துல தோலா என் மேஜைக்கு வந்துச்சும்மா. அழுவியேன்னு சொல்லலே."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அரைவாலன் மலையில் சுகமாக இருக்கிறான் என்று இத்தனை நாளும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள்.

"சூட்டுக்கோடு இருந்தா தோல் கழிசல். எந்த மண்டியும் வாங்காது. அது தெரிஞ்சு இப்போ கண்ணிக்காரனே அவுத்து விட்டுர்றான். இதுவரைக்கும் பதினோரு உடும்புக்குப் போட்டேன். ஒண்ணுகூட என் மேஜைக்கு வரலே."

செல்லம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராசாத்தியின் முதுகை உற்றுப் பார்த்தாள். பிறகு அதைத் திரும்பவும் அவர் மடியிலேயே வைத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கோடு கம்மியா இருக்குது பாய். இன்னொண்ணு ஜாஸ்தியா இழு. கண்ணிக்காரனுக்குத் தூரத்துலேர்ந்தே தெரியட்டும்."