நாலாவது தப்பு

“நாங்க வெச்சது மூணு தப்புதான். நீங்க நாலுன்னு எழுதியிருக்கீங்களே?” என்றான் ஸ்ரீதர்.

“நாலு இருக்கு சார்” என்றாள் லிடியா, லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பியபடி.

டெல்லி நேரு பிளேஸில் இருந்த அந்த ப்ரீபெய்டு போன் கம்பெனியில் டெஸ்டர் வேலைக்கு இன்டர்வியூ என்றால் இப்படித்தான். ரீசார்ஜ் கணக்குப் போடும் நிஜப் புரோகிராமை அப்படியே பிரதி எடுத்து, அதில் வேண்டுமென்றே மூன்று தப்புகளைச் செருகிக் கொடுப்பார்கள். வந்தவர் ஒரு மணி நேரத்துக்குள் சின்னச் சின்ன டெஸ்ட்டுகள் எழுதி அவற்றைப் பிடிக்க வேண்டும். காலையிலிருந்து வந்த ஆறு பேரில் ஒருவர்கூட இரண்டைத் தாண்டவில்லை. ஆறாவது ஆசாமி, புரோகிராம் பிரமாதம் என்று பாராட்டிவிட்டுப் போனார். கிட்வாய் நகரிலிருந்து வந்திருந்த லிடியா ஏழாவது.

ஸ்ரீதருக்கோ அவசரம். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் அவனுக்கும் கவிப்ரியாவுக்கும் நிச்சயதார்த்தம். இருந்த டெஸ்டரோ போன வாரம் வேலையை விட்டுவிட்டான். திங்கட்கிழமை புது ரீசார்ஜ் பேக் வேறு வெளிவருகிறது. “இன்னைக்குள்ள ஒரு டெஸ்டரைப் பிடிச்சுக் குடு. இல்லேன்னா லீவு கிடையாது” என்று மேனேஜர் காமாக்ஷி கறாராகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை இல்லாமல் வீடியோ காலில் நிச்சயம் பண்ண முடியுமா என்று அவன் அம்மா காலையிலேயே போனில் அழுதாகிவிட்டது.

“சரி, அந்த நாலாவதைக் காட்டுங்க.”

“இருபத்தெட்டு நாள் பேக். முடியறதுக்கு முன்னாடியே ரீசார்ஜ் பண்ணினா, பழசு முடிஞ்ச மறுநாள்தானே புதுசு ஆரம்பிக்கணும்?”

“ஆமா.”

“மூணு நாள் முன்னாடி பண்ணினா சரியா வருது. ஒரு நாள் முன்னாடியும் சரி. கடைசி நாள் அன்னைக்கே பண்ணினா என்ன ஆகுதுன்னு பாருங்க.”

டெஸ்ட்டை ஓட்டினாள். திரையில் சிவப்பு. புது பேக் அன்றைக்கே ஆரம்பித்திருந்தது. வாடிக்கையாளருக்கு ஒரு நாள் அம்போ.

இது அவர்கள் செருகிய தப்பே இல்லை. ஸ்ரீதர் அவசர அவசரமாக நிஜப் புரோகிராமைத் திறந்தான். அங்கேயும் அதே வரி, இரண்டு வருடமாக. எழுதிய புண்ணியவான் வேறு யாருமில்லை, அவனேதான்.

“எடுத்த எடுப்பிலேயே இந்த டெஸ்ட்டைத்தான் எழுதியிருக்கீங்க. எப்படிங்க நேரா இங்க வந்து கை வெச்சீங்க?”

“கொஞ்சம் அனுபவம் சார். இது இப்ப லைவ்ல ஓடுதா?”

“ஓடுதே! மானம் போகுது.”

“யாரு திருத்தணும்?”

“நான்தான்.”

“அப்ப ஜல்தி திருத்திடுங்க சார். நான் வெயிட் பண்றேன்.”

வேலை கேட்டு வந்தவள் நம்மிடமே வேலை வாங்குகிறாளே என்று ஸ்ரீதருக்குச் சிரிப்பு வந்தது. ஒரே ஒரு குறியை மாற்றினான். டெஸ்ட்டுகளை மறுபடி ஓட்டினான். மேலிருந்து கீழ்வரை பச்சை. சந்தோஷம் தாங்காமல் காமாக்ஷியைப் போனில் கூப்பிட்டான்.

“மேடம், தங்கமான டெஸ்டர் கிடைச்சாச்சு! வந்த உடனேயே பெரிய தப்பு ஒண்ணைப் பிடிச்சுட்டாங்க. திருத்திட்டேன், லைவ்ல போட்டுடவா?”

“அச்சா! அதையும் போடு, லீவையும் போடு” என்றார் காமாக்ஷி.

திருத்தத்தை ஏற்றிவிட்டு, கையோடு அம்மாவுக்கும் போன் போட்டான். “அழாதேம்மா. உன் பிள்ளை நாளைக்கு ஃபிளைட் ஏறிடுவான்.”

திரும்பிப் பார்த்தால், லிடியா தன் போனில் மும்முரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகமெல்லாம் சிரிப்பு.

“அப்புறம் சொல்லுங்க லிடியா, எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கறீங்க? திங்கட்கிழமையே சேர்ந்துடலாம் இல்லையா?”

“சம்பளமா? எனக்கு குருகிராம்ல நல்ல வேலை இருக்கு சார்” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள் லிடியா. “இப்ப பண்ணின ரீசார்ஜ் நாளைக்குத்தான் ஆரம்பிக்குது. மாசா மாசம் எனக்கு ஒரு நாள் காணாமப் போகுதுன்னு உங்க கஸ்டமர் கேருக்குப் பதினாலு தடவை போன் பண்ணிட்டேன், ஒண்ணை அமுக்கு, ஒன்பதை அமுக்குன்னாங்களே தவிர, புரோகிராம் எழுதின ஆளைப் பார்க்க விடலை, அதான் இன்டர்வியூவுக்கு அப்ளை பண்ணேன்!”