பின் சீட்டில் ஓர் இதயம்

மாலை ஐந்து மணி. அல்ஜீப்ரா புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு அவள் காதைத் தீட்டினாள்.

டிரான்சிஸ்டர் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

சாவி அப்பாவின் இடுப்பில்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சார்ஜண்டாக இருந்து, புதுச்சேரியை விட்டுப் பிரான்சின் தூலோன் துறைமுகத்துக்குக் குடிவந்தவர் சவரிராயன். ஆயுதத்தைப் பறித்துவிட்டால் போர் முடிந்தது என்பது அவர் கணக்கு.

எதிரி ஒரு வீட்டில் மட்டுமா இருந்தான்?

அறுபத்து மூன்றாம் வருஷம் அது. மாடிக்கு மாடி, ஜன்னலுக்கு ஜன்னல், பிள்ளைகளின் டிரான்சிஸ்டர்கள் ஒரே நிகழ்ச்சியை அலறின. இன்று புதுப் பாட்டு. நாளைக் காலை பள்ளி வாசலில் பெண்கள் வட்டமாக நின்று பாடப்போவது இதைத்தான்.

தெரிந்தவள் வட்டத்துக்குள். தெரியாதவள் சுவரோரம்.

போன வாரம் முழுக்க அவள் சுவரோரம்தான் நின்றாள்.

முதல் அடி காதில் விழுந்தது.

சவரிராயன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

ஜூன் மாதப் புழுக்கம். அவர் அசரவில்லை. சத்தம் உள்ளே கசிகிறதா என்று கண்ணாடியில் காதை ஒட்டி, பாட்டு முடியும்வரை காவல் நின்றார். கடமை என்றால் கடமை.

அறையின் மறுகோடியில் அவளுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. சமன்பாடுகள் கண்ணீரில் நெளிந்தன.

சாப்பாட்டு மேஜையில் அவர் தீர்ப்பு வாசித்தார்.

"கேட்டியா பிலோமி, இவனுங்க பாட்டை? மோட்டார் சைக்கிளை மெதுவா ஓட்டணுமாம். இதயம் பின் சீட்டுல உட்கார்ந்திருக்காம். இதயம் எப்படிடி உட்காரும்?"

அம்மா ரசத்தை ஊற்றினாள்.

"நான் எங்க கேட்டேன்? நீங்கதான் ஜன்னலைச் சாத்திட்டீங்களே."

மகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ரொம்ப மோசம்பா. அப்புறம் என்னதான் சொல்றான்?"

சொன்னார். வரி வரியாக, பிரெஞ்சிலேயே, ஒன்றையும் விடாமல்.

"மெட்டு?"

"அது இதைவிடக் கேவலம்!"

எவ்வளவு கேவலம் என்பதை வெறுமே சொன்னால் விளங்குமா? சவரிராயன் கையைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, முழுதாக இகழ்ந்து காட்டினார்.

இரண்டாம் தடவை, அவளும் சேர்ந்து இகழ்ந்தாள்.